நாலு சில்லும் இழுக்கும்

"அண்ணன், பாரம் இழுக்கும் எண்டு விடியக்காலத்தால இருந்து சொல்லிட்டுத்தானே இருக்கன்! இன்னமும் ஏத்துறீங்களே!"

"வாயால இழுத்தா நெல்லு வயல் வட்டைக்குப் போகுமா தம்பி? ஏறுங்க, எடுங்க வண்டிய."

றமீசுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. முன்னுக்கு ஒரு மூடை, பின்னுக்கு இரண்டு. அத்தனையும் முளைகட்டிய விதைநெல். தண்ணீர் சொட்டிச் சொட்டி, சேறும் ஏறி, நேற்று அவன் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த சிவப்பு வண்டி எருமை நிறத்துக்கு வந்துவிட்டது.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர், வெளிநாட்டுக்காரர் மணலில் ஓடி விளையாடுவதற்கென்று வைத்திருந்த வண்டி அது. பிடிப்பதற்கு மோட்டார் சைக்கிள் மாதிரி. நிற்பதற்கு நாலு தடித்த சில்லு. அவர் ஹோட்டலை மூடியபோது றமீஸ் ஆசைப்பட்டு வாங்கிவிட்டான். வாகரைக் காட்டுப் பாதையில் சுற்றுலாக்காரரை ஏற்றி ஓடலாம் என்று கனவு கண்டான். ஒரு காக்கை குருவிகூட வரவில்லை. காத்தான்குடியில் அவன் வீட்டு முற்றத்தில் பாதியை அந்த வண்டி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"இண்டைக்கு அத வித்துப்போட்டு பஸ்ஸில வாங்க. அதோட வந்தீங்களெண்டா நான் கேற்றத் தொறக்க மாட்டன்" என்று மனைவி நிஸ்றா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சும்மா சொல்கிறவள் இல்லை அவள்.

அதனால்தான், படுவான்கரையிலிருந்து சீனித்தம்பி என்கிற இந்த வயற்காரப் போடியார் போனில் பேசியபோது றமீஸ் துள்ளிக் குதித்தான். "ஆரோ சொன்னாங்க தம்பி. உங்கட நாலு சில்லு வண்டிய நான் எடுக்கணும். இந்த மழைக்கு உழவு மெசின் புதையுது. வெள்ளன கொண்டு வாங்க" என்றார் அவர்.

வந்தவனுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணிகூட இல்லை. வந்ததும் வராததுமாக மூடையைத் தூக்கி வைத்துவிட்டார். ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவாராக்கும் என்று றமீஸ் பொறுத்துக்கொண்டான்.

"அண்ணன், பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல, நடுத்தர வண்டி. வேலைக்கும் பாவிக்கலாம், காட்டுப் பாதையிலயும் ஓடலாம். நாலு சில்லும் இழுக்கும். ரிவர்ஸும் இருக்கு..."

"இருக்கட்டும். நெல்லு முளைச்சிருக்கு, வெயிலுக்கு முதல் விதைக்கணும். ஓடுங்க."

"நீங்களே ஒருக்கா ஓடிப் பாருங்களன்."

"நானா? நல்ல கதை! அப்ப நீங்க என்னத்துக்கு?"

எவ்வளவு எடுப்பு பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு றமீஸ் ஓட்டினான். நடுவழியில் வாய்க்கால் கரை சரிந்து வண்டி ஒருபக்கமாக அமிழ்ந்தது. முன்னாலிருந்த கம்பிவடத்தை இழுத்துப் போய் மருத மரத்தில் கட்டி, பொத்தானை அழுத்தினான். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேலே வந்தது.

"பாத்தீங்களா!" என்றான் பெருமை தாங்காமல்.

"பாத்தன், பாத்தன். நேரம் போகுது."

மனிதர் கல்லா, மண்ணா? திரும்பத் திரும்ப மூடை ஏற்றினார். மூடை முடிந்ததும் தண்ணீர்ப் பம்பை ஏற்றினார். அதற்குள் பக்கத்து வயல் சீதேவிப்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்து நின்றாள்.

"சீனித்தம்பி, என்ட விதைநெல்லும் வீட்டில கிடந்து நாறப்போகுது. இந்த வண்டியில நானும் பாதி எடுக்கட்டா?"

"அதுக்கென்னக்கா, பாதி எடுங்க!"

றமீஸ் வாயைப் பிளந்தான். "பாதி எடுக்கிறதா? எப்பிடி அண்ணன்? முன் ரெண்டு சில்லு உங்களுக்கு, பின் ரெண்டு சில்லு அவவுக்கா?"

"பகிடி விடாம ஓடுங்க தம்பி. அவவுக்கும் முளைநெல்லுத்தான்."

சரி, இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் நமக்கென்ன என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான். சீதேவிப்பிள்ளையின் மூடைகளும் போயின. மதியம் சீனித்தம்பியின் மனைவி அன்னப்பூரணி வயலுக்குச் சோறு கொண்டுவந்தாள். "மெசின்காரத் தம்பி, நீங்களும் வாங்க" என்று அவனுக்கும் மீன்கறியோடு வைத்தாள். மெசின்காரத் தம்பியாம்! கோபத்தில் இரண்டு தரம் வாங்கித் தின்றான்.

வெயில் சாயும்போது மூடை என்று தூக்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை. றமீசுக்கு இடுப்பு நாரி முறிந்துவிட்டது. பொறுமையும் முறிந்துவிட்டது.

"அண்ணன், அல்லாவுக்காக ஒரு முடிவச் சொல்லுங்க! இப்பிடி ஒரு சோதினைய ஒரு மனிசனும் வெச்சிருக்க மாட்டான். வண்டிய எடுக்கிறீங்களா, இல்லையா?"

சீனித்தம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் எரிச்சல் வந்துவிட்டது.

"என்ன தம்பி கதைக்கிறீங்க? காலத்தால இருந்து எடுத்துத்தானே வேலை செய்யிறம்! நானும் பாக்கன், ஒரு நாள் கூலிக்கு வந்த மனிசன் ரிவர்ஸ் இருக்கு, அது இருக்கு, இது இருக்கு எண்டு விடியத் தொட்டுக் கதைச்சு என்ட மண்டைய உடைக்கிறீங்க!"

"கூ... கூலிக்கா?"

"பின்ன? உழவு மெசினுக்குக் குடுக்கிறதுதான் உங்களுக்கும். இந்தாங்க." மடியை அவிழ்த்துக் காசை அவன் கையில் திணித்தார். "நாளைக்கு சீதேவிப்பிள்ளையக்கா வேற வேலைக்கு முழுநாளும் எடுக்கிறாவாம். வெள்ளன வந்திருங்க."

றமீஸ் சேற்றோடு சேறாக நின்றான். சட்டைப் பையில் போன் அடித்தது. நிஸ்றா.

"என்ன, அவர் எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்ல புள்ள... வண்டியிலதான் வாறன். கேற்றக் கொஞ்சம் தொறந்து வை."