பட்டியலில் மட்டும் இருந்த நாவல்

எட்டு வருடம் எழுதி முடித்த நாவலைத் திறந்தாள். “கோப்பு இல்லை” என்றது கணினி.

“நேத்துகூட லிஸ்ட்ல காட்டினேனே! பேரு, தேதி எல்லாம் இருந்துச்சே!” கணவனுக்குக் குரல் தழுதழுத்தது. அவள் கேட்கும்போதெல்லாம் லிஸ்டைக் காட்டி, “பத்திரமா இருக்கு. கொஞ்ச நாள் ஆறப்போட்டுட்டு அப்புறம் படி” என்றவன் அவன்தான்.

அவள் வரவழைத்த கணினிக்காரர் அரைமணி நேரம் குடைந்தார்.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு மேடம். ஃபைலை யாரோ அழிச்சிருக்காங்க.”

“அழிச்சா லிஸ்ட்ல எப்படி இருக்கும்?”

“பின்னாடி ஒரு புரோகிராம் ஓடும். அப்பப்ப டிஸ்க்கைப் பார்த்து, என்னென்ன இருக்குன்னு குறிச்சு வச்சுக்கும். லிஸ்ட்ல தெரியறது அந்தக் குறிப்புதான். அழிக்கறதுக்கு முன்னாடி அந்தப் புரோகிராமையே நிறுத்திட்டாங்க. அதனால பழைய குறிப்பே நிக்குது.”

“எப்போ நிறுத்தினாங்க?”

“மார்ச் பதினாலு.”

கணவன் விம்மினான். தேற்றுவதற்காக நீண்ட அவள் கை பாதியிலேயே நின்றது.

அன்றுதான் அவன் தன் முதல் நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பினான்.

“அச்சுல வந்தப்புறம்தான் நீ படிக்கணும்” என்று கொஞ்சலாகச் சொல்லியிருந்தான்.