இடப்பக்க சீட்டு

பழைய காரின் கூரையை அறுத்தெறிந்துவிட்டு, அதில் லாரி எஞ்சினைப் பொருத்தி, முப்பது வருஷமாகப் பறந்தவர் ராக்கியப்பன், கண்ணுகளா. பக்கத்து சீட்டில் எப்போதும் அவர் மனைவி பூவாத்தாள். வளைவு வந்தால் போதும், பயத்தில் காலடியில் கிடக்கும் சாக்கை ஓங்கி மிதிப்பாள்.

இன்று, "முழங்கால் வலிக்குதுங்க, நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள்.

"நீ வராம வண்டி எப்படி நிக்கும்?"

அவர் சாக்கைக் கைகாட்ட, சிரித்துக்கொண்டே குனிந்து அதை விலக்கினாள். அடியில் பிரேக் இருந்தது. அவர் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே பிரேக்கே இல்லை.

"எனக்கு நிறுத்தத் தோணாது, பூவா. உனக்குத்தான் தோணும்."

அவள் அலறினாள். "நேத்து மலை இறங்கறப்ப நான் தூங்கிப் போயிட்டனுங்களே!"

"தெரியும் புள்ள. அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரல."