பத்து டிகிரி கால்வாயில் பார்த்திபன்

“சப்மரீன் எங்க நிக்குது? மரியாதையா சொல்லிடுங்க பெரியவரே.”

எதிர் இருக்கைக்காரர் உதடு அசையாமல் கேட்டார். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கிய மீசை, முகம் பார்க்கலாம்போல் மின்னும் பிரவுன் ஷூ. மின்சார ரயிலின் ஜன்னலோரத்தில் பார்த்திபன் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

தப்பு அவர் தொண்டை மேல்தான். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் முப்பது வருஷம் லாரிகளுக்கு வழி சொல்லி அனுப்பியவர். அவர் இங்கே வாயைத் திறந்தால் தடா செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி தானாக ஸ்டார்ட் ஆகும். அவர் ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு. தொண்டை இன்னும் ஆகவில்லை.

ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போதுதான், பழவேற்காட்டில் இருக்கும் கூட்டாளி ஷேக் தாவூதிடம் போனில் முழங்கியிருந்தார்: “கவலைய வுடு பாய்! நம்ம சப்மரீன் பதுங்கிக்கினு கீது. இன்னிக்கு அந்தக் கருந்திமிங்கலத்தோட டேங்கர் கப்பல் நாலும் காலி!”

“சார், அது கேம் சார்!” பார்த்திபன் போனை நீட்டினார். “கடல் சண்டை கேம். இஷ்டத்துக்குக் கப்பலை ஓட்ட முடியாது. டீசல், பேட்டரி எல்லாம் நெஜக் கணக்கு. கருந்திமிங்கலம்னு ஒருத்தன், மூஞ்சிகூடத் தெரியாது. அவன்கூட இன்னிக்கு ஃபைனல். பதினோரு மணிக்குக் கடைசி மூவ். அஞ்சு மாசமா நானும் பாயும் சோறு தண்ணி இல்லாம ஆடிக்கினு கீறோம்.”

“எங்க நிக்குதுன்னு கேட்டேன்.”

“அதை மட்டும் கேக்காதீங்க சார். வெளிய தெரிஞ்சா கப்பு போச்சு. எங்க ஊட்டுக்காரம்மாவுக்கே சொல்லல.”

ஷூக்காரர் மீசையைத் தடவினார். “சரி. மீஞ்சூர்ல எறங்கிப் பேசலாமா?”

அவ்வளவுதான். புழல் ஜெயில் கதவு கிறீச்சிட்டது. அலுமினியத் தட்டில் களி விழுந்தது. மனைவி ஜோதிலட்சுமி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “இந்த வயசுல உனக்கு விளையாட்டு கேக்குதா?” என்றாள். எல்லாம் ஒரே விநாடியில்.

“பத்து டிகிரி கால்வாய் சார்!” என்று அலறினார் பார்த்திபன். “அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவுல!”

“வுடாதீங்க. அவ்ளோ தூரம் டீசல் தாங்காது.”

டீசலைப் பற்றிப் பேச்சு வந்ததும் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. “வெரட்டினாதான் தாங்காது. லாரிக்காரன் கணக்கு சார் இது. மிதிக்காம உருட்டிக்கினே போனா அதே டீசல்ல ரெண்டு மடங்கு தூரம். ‘இங்க எவன் வரப் போறான்’னு அவன் டேங்கரை நேரா அந்தக் கால்வாய்லதான் வுடுவான்.”

“தண்ணிக்குள்ள பேட்டரிலதானே ஓடும்? டேங்கருங்க நிக்கோபாரைத் தெற்கால சுத்திப் போயிட்டா?”

“அட, வெவரமாதான் கேக்கறீங்க! தொரத்தவே முடியாது சார். பாதி வழியில பேட்டரி படுத்துடும். நல்லவேளை, அவனுக்கு அது தெரியாது.”

மீஞ்சூர் வந்தது. ஷூக்காரர் எழுந்தார். “கேம்தான்னு புரிஞ்சிபோச்சு. நிம்மதியா போங்க.”

பார்த்திபன் துள்ளி எழுந்து ஒரு சல்யூட் அடித்தார். அடித்த வேகத்தில், பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் வெடித்துப் பெட்டி முழுக்க மழை பெய்தது.

ரயில் மறுபடி கிளம்பியதும் ஷேக் தாவூதைப் போனில் கூப்பிட்டார். “பாய், ஜெயில் வரைக்கும் போய்ட்டு வந்தேன். மஃப்டி போலீஸ் ஒருத்தரு மடக்கிட்டாரு. எல்லாத்தையும் கக்கிட்டேன்.”

“பேஜாரு புடிச்ச தொண்டைய்யா உனக்கு! சரி வுடு. போலீஸ்காரரு இன்னா, திமிங்கலத்துகிட்டயா போய்ச் சொல்லப் போறாரு?”

அதுவும் சரிதான். பார்த்திபன் சப்மரீனை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்.

பதினோரு மணிக்கு வரைபடம் விரிந்தது. பத்து டிகிரி கால்வாயில் ஈ, காக்கை இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி சப்மரீன் மட்டும் தனியாக நின்றது. நாலு டேங்கர்களும் நிக்கோபாருக்குத் தெற்கே, கல்யாண ஊர்வலம்போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

திரையின் ஓரத்தில் கருந்திமிங்கலத்திடமிருந்து ஒரு செய்தி:

“நமக்குள்ள சல்யூட்டெல்லாம் எதுக்கு பெரியவரே?”