பவாஸின் அகப்பை

"பவாஸ் நானாட கையிலருந்து அகப்பையை வாங்கிடுங்க. வரிசை நீளுறதுக்கு அவர்தான் காரணம்."

மாத்தளைப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் ரிஸ்வி லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். வங்கி வரிசையைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்க யாரோ புண்ணியவான் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாய் விட்டிருந்த மென்பொருள் அது. ரிஸ்வி மூன்று நாள் மல்லுக்கட்டி அதில் கஞ்சி காய்ச்சும் கிடாரம், அகப்பை, நோன்புக் கஞ்சிக்கு வாளியோடு நிற்கும் இருநூறு பேர் எல்லாவற்றையும் சேர்த்திருந்தான். பெருமையில் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

திரையில் புள்ளிகள் நகர்ந்து, பவாஸிடம் வந்ததும் தேங்கின.

"ஆளுக்கு முப்பது செக்கன். முடிய அஞ்சே முக்காலாகுது. ஊத்துறதை விட ஊர்க்கதைதான் கூட. வேற கை போட்டா பத்து செக்கன். நாலு மணிக்குத் தொடங்கி நாலே முக்காலுக்கு முடிச்சிரலாம். நோன்போட வெயில்ல நிக்கிற சனம் பாவமில்லையா?"

பன்னிரண்டு வருசமாய்ப் பிடித்த அகப்பை. கூட்டத்தில் ஓரமாய் உட்கார்ந்திருந்த, ஓட்டோ ஓட்டும் பவாஸுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும், "சரி தம்பி" என்று கொடுத்துவிட்டார்.

மறுநாள் நாலே முக்காலுக்கு வரிசை காலி. மிச்சக் கஞ்சியை ரெண்டாந்தரம் வந்தவர்களுக்கு ஊற்றி, கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. தலைவர் ரிஸ்வியின் முதுகில் தட்டினார்.

"இந்த மென்பொருள நாளைக்கே எல்லாருக்கும் ஃப்ரீயா விடப்போறேன்" என்றான் ரிஸ்வி.

ஐந்தரைக்குப் பலாபத்வல பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. மிளகு ஸ்டோரில் வேலை முடிந்த தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் தூக்குச்சட்டியோடு இறங்கினார்கள்.

"வரிசையைக் காணோமே தம்பி. பவாஸ் அண்ணன் வரலீங்களா?" என்று கேட்டாள் முன்னால் வந்த விஜிதா.

ரிஸ்விக்குச் சுருக்கென்றது. கழுவி வைத்த அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினான்.

"அந்த பஸ்ல வர்ற பொம்பளைங்க வந்து சேரத்தான் இழுத்தடிச்சீங்களா நானா? கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தனியா ஒரு வாளியில எடுத்து வச்சிருப்போமே."

பவாஸ் அகப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"மொத வருசம் எடுத்துத்தான் வச்சேன் தம்பி. 'எங்களுக்கு மிஞ்சினதா'ன்னு கேட்டாங்க. அடுத்த நாள் ஒருத்தரும் வரல. வரிசை அதுவரைக்கும் இருந்துச்சுன்னா, ஊர் சனத்தோட சனமா வந்து சேர்ந்துக்கிறாங்க."