ஓட்டை வைத்த பெட்டி

"இன்னா பாய், விளையாடுறியா? ஓட்டை வெச்ச பொட்டிதான் வேணும்னு போன வாரமே சொன்னேன் இல்ல?"

அப்பாதுரை அம்பாசடர் கதவை அறைந்து சாத்தியதில் ராஜகீழ்ப்பாக்கமே திரும்பிப் பார்த்திருக்கும்.

கிபாயத்துல்லா நிமிரவே இல்லை. ஷெட் வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே இழைத்து முடித்த பலகையை மறுபடியும் இழைத்துக்கொண்டிருந்தார்.

"அது வேணாம்பா. மூடின பொட்டிய எடுத்துனு போ. நல்லா கீது."

"யாரு சொல்றது? நீயா?"

கேட்க மாட்டானா பின்னே! போன வாரம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் அவன் காரின் டிக்கியில் மாற்றி மாற்றி வைத்து, ஒரே பாட்டைப் போட்டுக் காட்டியதே இந்த பாய்தான்.

நாலு பக்கமும் மூடிய சின்னப் பெட்டியில் தாளம் நறுக்கென்று விழுந்தது. ஆனால் சத்தம் காரைத் தாண்டவில்லை. முன்பலகையில் ஓட்டை வைத்த பெரிய பெட்டியில் போட்டதும், அடேயப்பா! டும்மென்று பின்சீட்டையே தூக்கிப் போட்டது.

"உள்ள இருக்கிற காத்தும் ஓட்டை வழியா வந்து சேந்து அடிக்குது பாரு. காருக்கு இதான்யா ராஜா. உள்ள இலவம்பஞ்சு ஒட்டிட்டா இரைச்சலும் போயிடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிக் குடுத்துடுறேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்ன மனுஷன், இன்றைக்கு இப்படிப் புரட்டிப் பேசினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஞாயிற்றுக்கிழமை எலியேசர் சார் மகனுக்குக் கல்யாணம். சேலையூர் சர்ச்சிலிருந்து படப்பை வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம். காரில் பாட்டு அமர்க்களமாக இருந்தால்தான் வண்டி எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்ஸி ஸ்டாண்டில் சிட்டிபாபு தன் வண்டியில் சிங்கப்பூர் டேப் மாட்டியதிலிருந்து அப்பாதுரைக்கு ஒரு கல்யாண சவாரி கிடையாது. இதையும் கோட்டை விட்டால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவன் பெண்டாட்டி கங்கையம்மாள் காலையில் காபி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பாதுரைக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காருக்கும் ஷெட்டுக்குமாக நடந்தான்.

"சரி, அதுல இருக்கிற பெரிய ஸ்பீக்கர கழட்டி வேற பொட்டியில மாட்டிக் குடு."

"கழட்டக் கூடாதுபா."

"அப்ப புது ஸ்பீக்கர் போடு!"

"எங்கிட்ட அது ஒண்ணுதான் கீது. பாரிமுனைக்குச் சொல்லி வரவழைக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது."

"எங்க அந்தப் பொட்டி? காட்டு பாக்கலாம்."

"உள்ள கீது. தொடாத."

"ஏன் தொடக் கூடாது?"

"சொன்னா நீ நிப்பியா? உன் கோவம் எனக்குத் தெரியாதா?"

அப்பாதுரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"சிட்டிபாபுக்கு வித்துட்டே! காலையில அவன் இங்க நின்னத ஸ்டாண்டே பாத்துச்சு!"

"ஃபியூஸ் கேட்டு வந்தான்பா."

"நான் காதுல பூ வெச்சிருக்கேனா? தொழுகை தவறாத ஆளுன்னு உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும். சீ!"

அது பாய்க்குச் சுருக்கென்று தைத்தது. இழைப்புளியைக் கீழே வைத்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"நீயே உள்ள போயி பாத்துக்க. கை மட்டும் வெக்காத."

'கை வெக்காதயா? தூக்கிக்கினே போறேன் பாரு' என்று அப்பாதுரை விறுவிறுவென்று ஷெட்டுக்குள் நுழைந்தான். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. இழுத்தான்.

பெட்டி அங்கேதான் இருந்தது! விற்கவில்லை. சந்தோஷத்தில் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கப்போனவன், ஓட்டைக்குள் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு மெல்ல உட்கார்ந்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான்.

வெளியே லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வந்து நின்றது. எலியேசர் சார். பாட்டைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்க வந்திருந்தார். ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா அப்பாதுரை, ரெடியா? போட்டுக் காட்டு."

அப்பாதுரை சாக்கைப் பழையபடி மூடிவிட்டு எழுந்தான்.

"சார்... மூடின பொட்டி ஒண்ணு கீது சார். அத மாட்டிடறேன். தாளம் நறுக்குன்னு கேக்கும்."

"நேத்து ஓட்டை வெச்சதுதான் ஒசத்தின்னு அளந்தியே! நெஞ்சுல வந்து இடிக்கணும்ங்கிறான் என் பையன். அதோ, மூலையில இருக்கிறதுதானே?"

"அது இப்ப முடியாது சார்."

"முடியாதுன்னா? தூக்கி டிக்கியில வைக்க உனக்கு என்ன நோவு? கடைசி நேரத்துல இப்படிக் காலை வாருறியே!" எலியேசர் சாரின் குரல் ஷெட்டின் தகரத்தில் மோதி எதிரொலித்தது. "ஒரே வார்த்தை. அந்தப் பெட்டி உண்டா, இல்லையா? இல்லன்னா இப்பவே போய் சிட்டிபாபுகிட்ட பேசிடுவேன்!"

கங்கையம்மாளிடம் என்ன சொல்வது என்று அப்பாதுரை ஒரு நிமிஷம் யோசித்தான். பாயைப் பார்த்தான். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிட்டிபாபு வண்டியையே எடுத்துக்குங்க சார். ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றான் அப்பாதுரை, தன் குரலையும் தாழ்த்திக்கொண்டு. "பொட்டிக்குள்ள பஞ்சுல அணிலு குட்டி போட்டிருக்கு சார். இன்னும் கண்ணே தொறக்கல."