கியர் போடும் கை

"ஆட்டோ கியர் எடுங்க லா பாஸ். ஃபெடரல் ஹைவே ஜேம்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு காலு கழண்டுடும்."

கார் விற்கிற தம்பி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். என்னிடம் இல்லை, என் அண்ணன் நாகையாவிடம். கடைக்குள் நுழைந்ததிலிருந்து என்னோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் குடிக்க ஏதாவது வேண்டுமா என்பதைக்கூட அண்ணனிடம்தான் கேட்டான். எனக்கு வாயே இல்லை என்று நினைத்துவிட்டான் போல.

கடை பெட்டாலிங் ஜெயாவில். ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு, ஒரே மாதிரி, ஒவ்வொன்றிலும் இரண்டே சீட்டு. ஒன்று ஆட்டோ, மற்றது கையால் கியர் போடும் மேனுவல். மேனுவல் இந்த ஒன்றுதான், இனிமேல் கொண்டுவரப் போவதில்லை, தொண்ணூற்று மூன்றில் யார் கியர் கேட்கிறார்கள் என்றான் அந்தத் தம்பி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கியர் இல்லாத ஸ்போர்ட்ஸ் காரும் காரச் சம்பல் இல்லாத நாசி லெமாக் சோறும் ஒன்றுதான். வயிறு நிறையும். நாக்கு என்ன பாவம் செய்தது?

ஆனால் வாயை மூடிக்கொண்டேன். வண்டி அண்ணனுடையது. கிள்ளானில் ஒரே ஒரு பழைய லோரியோடு ஆரம்பித்து இன்றைக்குப் பதினோரு லோரி ஓட விட்டிருக்கிறார். ஐம்பது வயதில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கும் முதல் வண்டி இது. அதற்குள் இடது முழங்கால் தேய்ந்து போய்விட்டது.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? ஆட்டோதான், பேசாம எடுங்க" என்று சந்திரகலா அண்ணி வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி சொல்வது நியாயம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேனுவல் வேண்டும், மேனுவல் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்க மட்டும் மாட்டேன். நானாகப் போய்க் கெஞ்சி ஒரு வண்டியில் உட்கார வேண்டுமா? என் கை எப்பேர்ப்பட்ட கை என்று அந்தப் பழைய லோரிக்குத் தெரியும்.

வார நாளில் நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர். சனி, ஞாயிறு வந்தால் அண்ணனோடு லோரியில் ஏறிவிடுவேன். துறைமுகத்திலிருந்து பூச்சோங் வரைக்கும் சிமெண்டு மூட்டை. மேட்டில் மற்ற லோரிகள் கியர் விழாமல் அலறும். எங்கள் லோரி ஒருநாளும் அலறியதில்லை. கூட ஓடியவர்கள் வயிறெரிந்து போனார்கள் என்றால் நம்புங்கள்.

முதலில் ஆட்டோவில் ஒரு சுற்று போனோம். இரண்டே சீட்டு என்பதால் அண்ணனும் நானும் மட்டும் ஏறினோம், அந்தத் தம்பி அண்ணியோடு கடையில் நின்றுவிட்டான்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பொய் சொல்லக்கூடாது, நல்ல வண்டிதான். ஆனால் என் கை மடியில் சும்மா கிடந்தது. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

பிறகு மேனுவல்.

எஞ்சின் உயிர் பெற்றதும் கியரைப் பிடித்தேன். அதன் நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது. அடேயப்பா!

கிளட்ச் இறங்கியது, கை தள்ளியது. ஒன்று.

எஞ்சினின் குரல் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இப்போது. இரண்டு.

மூன்று. நான்கு. காற்று ஜன்னலில் அறைந்தது. வளைவு வந்தது, பிரேக், நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. எங்கேயும் ஒரு பல் கடிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி விழுந்தது!

"அப்படிப் போடுடா!" என்று அண்ணன் கத்தினார். ஐம்பது வயது மனிதர். எனக்கு நாற்பத்தாறு, நானும் சேர்ந்து கத்தினேன்.

கடை வாசலில் வண்டி நின்றதும் அந்தத் தம்பி ஓடி வந்தான்.

"என்னா பாஸ் இது, கியர் மாறினதே தெரியல! செம்ம கை உங்களுக்கு!"

"கை என்னோடது இல்லப்பா" என்றார் அண்ணன். "காலு மட்டும்தான் நான். கியர் பூரா இவன். இருபது வருசமா இப்படித்தான் ஓட்டுறோம். ஆட்டோ எடுத்தா நான் தனியா ஓட்டணும், அது எனக்குப் பழக்கமில்ல. மேனுவலுக்கே பேப்பர் எழுது."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைப்பானேன், கண்ணும் நிறைந்துவிட்டது.

அண்ணி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "முழங்கால் வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து முனகுனா அப்ப இருக்கு உங்களுக்கு" என்றார். அண்ணி சம்மதித்தால் அப்படித்தான் பேசுவார்.

அந்தத் தம்பிக்குத்தான் ஜீரணமாகவில்லை.

"இவரா போட்டாரு?" அப்போதும் அண்ணனிடம்தான் கேட்டான். "இவருக்குத்தான்..."

அண்ணன் இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த என் வெள்ளைத் தடியை விரித்துக் கையில் கொடுத்தார். பதில் சொல்ல அவர் வாயெடுத்தார். நான் விடவில்லை.

"பொறந்ததுலேருந்தே கண்ணு தெரியாது தம்பி" என்றேன். "அதுக்கென்ன இப்ப? கியரை எவன் பாத்துப் போடுறான்?"