ஆறாம் வார்டுக்கு வந்த பாய்லர்காரர்

"யோவ் ஃபாபுஷ்! மறுபடியும் இங்கதானா? ஜூலை மாசத்துல ஹீட்டருக்கு என்னய்யா வைத்தியம்?"

தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே ஹெட் நர்ஸ் ஹுதாகோவாவின் குரல் வந்துவிட்டது. ஆறாம் வார்டில், இன்றோ நாளையோ என்று கிடந்த ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஃபாபுஷ், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி கசியுதான்னு பார்க்க வந்தேம்மா."

"உன் மூளைதான் கசியுது. இறங்குய்யா கீழே!"

இளம் நர்ஸ் ஜெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கோஷிட்சே நகரத்து அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் ஃபாபுஷ், பாய்லருக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். எழுபதை நெருங்கும் வயசு. எந்த நோயாளிக்கு நாள் நெருங்கினாலும் சரி, அந்தக் கட்டில் பக்கத்து ஹீட்டரைத் தட்டிப் பார்க்க வந்துவிடுவார். அவர் போன பிறகு, அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட அமைதியாகத் தூங்குவார்கள். நல்ல மனுஷனின் பேச்சுத்துணை, அவ்வளவுதான் என்று ஜெல்கா நினைத்திருந்தாள்.

"இந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்று சமையற்கட்டில் பொரிந்தாள்.

"கட்சி பேட்ஜ் குத்தின இடத்துல ஈரம் எப்படிடி இருக்கும்?" என்றாள் கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரி. "பேசாம குடிச்சிட்டுப் போ. சுவருக்கும் காது இருக்கு."

அக்டோபரில், முதல் குளிருக்கு பாய்லரைப் பற்றவைத்த அன்று, ஃபாபுஷ் அதன் முன்னாலேயே சுருண்டு விழுந்தார். அவரையும் ஆறாம் வார்டுக்கே தூக்கி வந்தார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இது நிலக்கரி மட்டும் இல்ல. மனுஷன் யுரேனியம் சுரங்கத்துல கிடந்திருக்கார்."

அந்தச் சுரங்கத்தில் கிடந்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கைதிகள்.

"என்ன தப்பு பண்ணீங்க மாமா?" என்று காதோடு கேட்டாள் ஜெல்கா.

"பார்க்கிற வேலையை விடுன்னாங்க. விடமாட்டேன்னேன்." சிரிக்கப் போனவர் இருமலில் முடித்தார்.

அவர் உயிரோடிருந்த கடைசி மத்தியானம் அது. பக்கத்துக் கட்டிலில் கோலெசார் என்றொருவர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் நேரம் நெருங்கியிருந்தது. மலை மாதிரி ஆள், குழந்தை போல அழுதுகொண்டிருந்தார்.

"பயமா இருக்கும்மா. நான் பண்ணாத அக்கிரமம் இல்ல. பாதிரிமாரையே இழுத்துட்டுப் போய் ஜெயில்ல தள்ளினவன் நான். எனக்கெல்லாம் எங்க மன்னிப்பு?"

ஜெல்கா போர்வையைச் சரிசெய்தாள். பின்னால் ஏதோ சத்தம். ஃபாபுஷ் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! எழுந்திரிக்காதீங்க. மூச்சு நின்னுடும்!"

"நிக்கிறதுக்குள்ள போயிடறேம்மா. தூரம் கொஞ்சம்தானே."

கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, காதை அவர் வாயருகே கொடுத்தார். கையை ஆட்டி ஜெல்காவைத் தள்ளிப் போகச் சொன்னார். அவள் திரைக்குப் பின்னால் நின்றாள். அழுகையும் முணுமுணுப்பும் வெகுநேரம் கேட்டது. பிறகு அது ஓய்ந்தது.

எட்டிப் பார்த்தாள்.

நகக்கண்ணெல்லாம் கரி ஏறிய அந்த வலதுகை மெல்ல மேலே எழுந்து, காற்றில் சிலுவை போட்டது. "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் உன் பாவங்களை மன்னிக்கிறேன்."

ஜெல்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரிக்குள் பாதிரியார் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம். மீறினால் மறுபடியும் ஜெயில். இந்த மனுஷனோ, இத்தனை வருஷமாக, ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு...

தன்னைச் சிறையில் தள்ளியவர்களில் ஒருவனுக்குத் தன் கடைசி மூச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவரை, அவள் கைத்தாங்கலாகப் படுக்க வைத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"சாமி" என்றாள். அந்த வார்த்தை தானாக வந்தது. "எல்லாருக்கும் நீங்க பண்ணீங்க. உங்களுக்கு யாரு கடைசி எண்ணெய் பூசி, அவஸ்தைபூசுதல் கொடுக்கிறது?"

"தனக்குத்தானே கொடுத்துக்க முடியாதும்மா. ஆண்டவர் பார்த்துக்குவார்."

வாய் அப்படிச் சொன்னாலும், கண் ஒருமுறை ஏக்கத்தோடு வாசல் பக்கம் போய் வந்தது.

அப்போதுதான் வெளியே ஹெட் நர்ஸின் செருப்புச் சத்தம். ஜெல்கா ஓடிப்போய் வெளியிலிருந்து கதவைச் சாத்தி, இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

ஹுதாகோவா. அவள் பின்னால், அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு சலவைக்கார இம்ரிக்.

"என்னடி ஆட்டம் இது? நகரு."

"மாட்டேன் மேடம். இன்னிக்கு ஒரு நாளாவது அவரைத் திட்டாதீங்க. நிம்மதியா சாகட்டும். அப்புறம் என்னை வேலையை விட்டு எடுங்க, போலீஸ்ல கொடுங்க, என்ன வேணா பண்ணுங்க."

ஹுதாகோவா தாழ்வாரத்தின் இரண்டு கோடியையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பேசிய குரலை ஜெல்கா அதுவரை கேட்டதே இல்லை.

"பைத்தியம். நான் திட்டிக்கிட்டே இருந்ததாலதாண்டி, அவர்மேல வேற எவனுக்கும் சந்தேகம் வரல."

ஜெல்காவின் கை தானாக இறங்கியது. ஹுதாகோவா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சலவைக்காரன் பக்கம் திரும்பித் தலை குனிந்தாள்.

"சீக்கிரம் உள்ள போங்க, சாமி."